ஓடும் கால்கள் நோகும்போது



சென்ற இதழில் தலையிடி பற்றி எழுதியிருந்தேன். அதற்குப் பின்னர் வந்த கடிதங்களில் மூன்று, கால் நோவைப் பற்றி எழுதும்படி கேட்கின்றன. மூன்றையும் எழுதியவர்கள் தாய்மார். மூவருடைய பெண் பிள்ளைகளும் பாடசாலையில் நெடுந்தூர ஓட்டம் ஓடுபவர்கள். முழங்காலுக்குக் கீழே நோவு வருகிறது, நான்கு நாள் இருந்தால் போகிறது, திரும்ப ஓடினால் மீண்டும் வருகிறது, மாதக் கணக்காக இதே கதைதான் என்று எழுதியிருக்கிறார்கள். மூன்று கடிதங்களும் ஒரே கேள்வியில்தான் முடிகின்றன: "பிள்ளையின் ஓட்டத்தை நிற்பாட்டி விடலாமா?"

நான் வைத்தியர் அல்ல. மட்டக்களப்பு மாவட்டப் பாடசாலையொன்றில் உடற்கல்வி ஆசிரியை. நாற்பத்து மூன்று வயதிலும் ஓடிக்கொண்டிருப்பவள். இதே கால் நோவோடு இரண்டு வருடங்கள் அலைந்தவள். ஆகவே அனுபவத்தில் கண்டதையும், வைத்தியர்களிடமும் இயன் மருத்துவர்களிடமும் கேட்டறிந்ததையும் உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். பெண்ணின் உடல் நெடுந்தூரம் ஓடுவதற்கு ஏற்றதல்ல என்ற எண்ணம் நம்மூரில் மட்டும் இருந்ததல்ல. 1928 ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீற்றர் ஓடிய பிறகு, அந்த ஓட்டத்தையே அடுத்த 32 வருடங்களுக்கு ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெண்களுக்கான 1500 மீற்றர் 1972இலும், மரதன் 1984இலும்தான் சேர்க்கப்பட்டன. அதே உலகில்தான் 2023ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில், முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா 72 வயதில் 1500 மீற்றர் ஓடித் தங்கப் பதக்கம் பெற்றார். ஆகவே "பெண் பிள்ளை என்பதால் கால் நோகிறது" என்ற பேச்சை ஒருபுறம் வைத்துவிட்டு, நோவுக்குரிய உண்மையான காரணத்தைத் தேடுவதுதான் நல்லது.

காலுக்குள் நடப்பது என்ன?

ஒரு கிலோ மீற்றர் ஓடுவதற்கு ஏறத்தாழ ஆயிரம் காலடிகள் வைக்கிறோம். ஒவ்வொரு அடியிலும் நம் உடல் நிறையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் அந்தக் காலில் இறங்குகிறது. 50 கிலோ நிறையுள்ள பிள்ளை ஐந்து கிலோ மீற்றர் ஓடினால், ஒவ்வொரு காலும் 100 முதல் 150 கிலோ வரையான பாரத்தை 2500 தடவை தாங்குகிறது.

இந்தப் பாரம் கெட்டதல்ல. எலும்பு உறுதியாவதே பாரம் தாங்குவதால்தான். ஆனால் எலும்பு தன்னைப் புதுப்பிக்கும் முறையை நாம் அறிந்திருக்க வேண்டும். பழைய வீட்டுச் சுவரை இடித்துவிட்டுப் புதுச்சுவர் கட்டுவதைப் போல, பழைய எலும்பை முதலில் கரைத்து, அதன் பிறகே புதியதை உடல் கட்டுகிறது. கரைப்பது சில வாரங்களில் நடந்துவிடும். கட்டுவதற்கு மாதக் கணக்கில் எடுக்கும். இடைப்பட்ட காலத்தில் எலும்பு முன்னரைவிடப் பலவீனமாக இருக்கும். தவணை விடுமுறை முழுவதும் வீட்டில் இருந்துவிட்டு, இல்ல விளையாட்டுப் போட்டிக்கான மரதன் என்றதும் தார் வீதியில் தினமும் ஓடத் தொடங்கும் பிள்ளைக்கு மூன்றாம் நான்காம் வாரத்தில் கால் நோவது இதனால்தான்.

எல்லா நோவும் ஒரே நோவல்ல

முழங்காலுக்குக் கீழே வரும் நோவை நம் வீடுகளில் "கால் உளைவு" என்ற ஒரே சொல்லால் சொல்லி, தைலம் பூசிவிட்டு விட்டுவிடுகிறோம். உண்மையில் அது பல வகைப்படும். ஓடுபவர்களுக்கு வருபவற்றில் மூன்றை அவசியம் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, "சின் ஸ்பிளின்ற்ஸ்" என்று ஆங்கிலத்தில் சொல்லப்படுவது. முன்காலில் கையால் தடவினால் தெரியும் பெரிய எலும்பின் உட்பக்க ஓரத்தில், கீழ்ப்பகுதியில், ஐந்து சென்ரிமீற்றருக்குக் குறையாத நீளத்துக்குப் பரவலாக நோகும். ஓடத் தொடங்கும்போது நோவு இருக்கும், உடல் சூடானதும் குறையும், ஓடி முடித்த பின்னரும் மறுநாள் காலையிலும் திரும்பி வரும். புதிதாக ஓடுபவர்களுக்கும் தூரத்தைத் திடீரெனக் கூட்டியவர்களுக்கும் அதிகம் வருவது இதுவே. கவனித்தால் மாறக்கூடியது.

இரண்டாவது, எலும்பில் விழும் மெல்லிய வெடிப்பு. இங்கே நோவு பரவலாக இராது. ஒரு விரல் நுனியால் "இந்த இடம்தான்" என்று தொட்டுக் காட்டலாம். ஓடும்போது கூடிக்கொண்டே போகும். நாளடைவில் நடக்கும்போதும், இரவில் படுத்திருக்கும்போதும் நோகும். அந்தக் காலை ஊன்றித் துள்ள முடியாது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரே எடுத்தால் வெடிப்புத் தெரியாமல் போகலாம். "படத்தில் ஒன்றுமில்லை" என்பதற்காகப் பிள்ளையைத் திரும்ப ஓடவிடக் கூடாது. நோவு நீடித்தால் மீண்டும் படம் எடுக்க வேண்டும், அல்லது எம்.ஆர்.ஐ. தேவைப்படும். வெடிப்பு எலும்பின் உட்பக்க ஓரத்தில் என்றால் பெரும்பாலும் இரண்டு மூன்று மாத ஓய்வில் பொருந்திவிடும். எலும்பின் முன்பக்கத்தில் என்றால் ஆறுவது கடினம், கவனிக்காவிட்டால் முழுமையாக முறியவும் கூடும்.

மூன்றாவது வகை, பலருக்குத் தெரியாதது. முழங்காலுக்குக் கீழே உள்ள தசைகள் நான்கு கட்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டும் இலகுவில் விரியாத ஒரு சவ்வினால் சுற்றப்பட்டிருக்கும். ஓடும்போது குருதி பாய்ந்து தசை பருக்கும். உறை விரிந்து கொடுக்காவிட்டால் உள்ளே அழுத்தம் கூடி, தசைக்கும் நரம்புக்கும் போகும் குருதி குறையும். இறுக்கமான சட்டைக் கைக்குள் புயம் வீங்கியது போன்ற நிலை. இதனைக் "கொம்பார்ட்மென்ற் சின்ட்ரோம்" என்பார்கள். திடீர் அடியினாலும் எலும்பு முறிவினாலும் இதே பெயரில் வருவது உடனடியாகச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டிய ஆபத்து. ஓடுபவர்களுக்கு வருவதோ, ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ அதே தூரத்தில் வந்து, நின்றதும் சிறிது நேரத்தில் போய்விடும்.

என் காலில் கண்டது

எனக்கு வந்தது இந்த மூன்றாவது வகை. கல்லடிக் கடற்கரை வீதியில் மாலையில் ஓடுவது என் வழக்கம். முப்பத்தொன்பது வயதில் நோவு தொடங்கியது. இரண்டு கிலோ மீற்றர் தாண்டியதும் இரண்டு கால்களிலும் முன்பக்கமும் வெளிப்பக்கமும் கயிற்றால் வரிந்து கட்டியது போல இறுகும். இன்னும் ஓடினால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் விறைக்கும். பாதம் சொன்னபடி கேட்காமல் வீதியில் "சடக் சடக்" என்று அடிபடும். நின்று கால் மணித்தியாலம் இருந்தால் எதுவுமே நடக்காதது போல ஆகிவிடும்.

வைத்தியரிடம் போகும்போது கட்டிலில் படுக்க வைத்துக் காலை அமுக்கிப் பார்ப்பார்கள். அப்போது கால் நன்றாகவே இருக்கும். ஓரிடத்தில் கல்சியம் குளிசை தந்தார்கள். இன்னோரிடத்தில் "வயது போகிறது, இனி நடந்தால் போதும்" என்றார்கள். என் மச்சாள், "ரெண்டு பிள்ளைப் பெத்தவ, ஆருக்குக் காட்ட இந்த ஓட்டம்?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் கோபமில்லை, என் மீதுள்ள அக்கறைதான். ஆனால் தாயையும் தகப்பனையும் அடுத்தடுத்து இழந்த வருடத்தில் என்னை நிமிர்த்தி வைத்தது அந்த மாலை நேர ஓட்டம்தான். அதை விட்டுவிடு என்பது எனக்குச் சிறிய வார்த்தையாக இருக்கவில்லை.

வழி காட்டியவர் ஓர் இயன் மருத்துவர். இரண்டு வாரத்துக்குக் கொப்பியில் எழுதி வரச் சொன்னார்: எங்கே நோகிறது, எத்தனையாவது நிமிடத்தில் தொடங்குகிறது, நின்ற பிறகு எவ்வளவு நேரத்தில் போகிறது, விறைப்பு உண்டா. எழுதிப் பார்த்தால் ஒவ்வொரு நாளும் பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது நிமிடத்திலேயே தொடங்கியிருந்தது. கொப்பியைப் பார்த்ததும் அவர், "ஓடிவிட்டு வாருங்கள், அப்போது பார்க்கிறேன்" என்றார். ஓடி வந்த கையோடு தொட்டுப் பார்த்தபோது முன்கால் தசை பலகையாக இருந்தது. பிறகு கொழும்பில் ஊசி மூலம் அழுத்தம் அளந்தார்கள். ஓடி முடித்து ஒரு நிமிடத்தில் இந்த அழுத்தம் 30 மில்லிமீற்றர் இரசம் அல்லது அதற்கு மேல் இருந்தால் நோயென்று கொள்வது வழக்கம். எனக்கு 41 இருந்தது.

இந்த நோய் புதியதல்ல. அமெரிக்க ஓட்ட வீராங்கனை மேரி டெக்கர் இளவயதிலேயே இதனால் அவதிப்பட்டவர். பல வைத்தியர்களைப் பார்த்தும் காரணம் புரியாமல் இருந்தது. 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் 5000 மீற்றரில் வெள்ளிப் பதக்கம் வென்ற நியூசிலாந்து வீரர் டிக் குவாக்ஸுக்கும் இதே நோய் இருந்திருக்கிறது. தான் பட்டதையே மேரியிடம் கண்டு அடையாளம் காட்டியவர் அவர்தான். மேரி 1977இல் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். 1983இல் ஹெல்சிங்கி உலக மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர், 3000 மீற்றர் இரண்டிலும் தங்கம் வென்றார்.

எனக்கு வைத்தியர் சொன்ன வழிகள் மூன்று. ஓட்டத்தை விடுவது, ஓடும் முறையை மாற்றிப் பார்ப்பது, சவ்வைக் கீறிவிடும் சத்திரசிகிச்சை. சத்திரசிகிச்சை பலருக்கு நல்ல பலன் தந்தாலும் எல்லோருக்கும் அல்ல, சிலருக்கு நோவு திரும்பியும் வருவதுண்டு என்று ஒளிக்காமல் சொன்னார். 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இதே நோயுள்ள 10 பேருக்குக் குதியை முதலில் ஊன்றாமல் முன்பாதத்தை ஊன்றி ஓட ஆறு வாரம் பழக்கியபோது, பத்துப் பேருமே சத்திரசிகிச்சையைத் தவிர்த்திருந்தார்கள். பத்துப் பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். இருந்தாலும் முயற்சி செய்து பார்க்கலாம் என்று தீர்மானித்தேன். அடியைச் சிறிதாக்கி, விரைவாக வைத்து, ஒரு நிமிட ஓட்டம் ஒரு நிமிட நடை என்று தொடங்கி, இயன் மருத்துவரின் கண்காணிப்பில் நான்கு மாதம் பழகினேன். முன்பாதத்தில் ஓடினால் கெண்டைத் தசைக்கும் குதிநாணுக்கும் பாரம் கூடும், ஆகவே யாரும் இதைத் தாமாகத் திடீரெனச் செய்யக் கூடாது.

இன்று ஐந்து கிலோ மீற்றர் நோவில்லாமல் ஓடுகிறேன். முன்னர் ஓடிய பத்துக் கிலோ மீற்றர் இன்னும் எட்டவில்லை. சத்திரசிகிச்சை வேண்டுமா என்ற கேள்வியும் இன்னும் தீரவில்லை.

பிள்ளைகள் ஒளிப்பது எதை?

கடிதம் எழுதிய தாய்மாருக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இனித்தான் வருகிறது.

என்னிடம் பயிற்சி பெற்ற பிள்ளையொன்று, பதினாறு வயது. அவளுடைய அனுமதியோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். மாகாண மட்டப் போட்டிக்குத் தெரிவானவள். பயிற்சி முடிந்ததும் மற்றவர்கள் போகும்வரை சப்பாத்தைக் கழற்றாமல் இருப்பாள். கேட்டால், "ஒண்டுமில்ல மிஸ்" என்பாள். ஒருநாள் துள்ளச் சொன்னேன். வலது காலில் துள்ள முடியவில்லை. ஒரு விரலால் தொட்டுக் காட்டினாள். "வீட்ட சொல்லிராதீங்க மிஸ். நோவுதெண்டா இனி விட மாட்டாங்க" என்று அழுதாள்.

இன்னொன்றும் கேட்டேன். ஐந்து மாதமாக மாதவிடாய் வரவில்லை. அதையும் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் தேநீர் மட்டும், பாடசாலை இடைவேளையில் ஒரு பணிஸ், பின்னேரம் பயிற்சி, இரவில்தான் சோறு. நிறை குறைந்தால் வேகமாக ஓடலாம் என்று யாரோ சொன்னதை நம்பி அந்தச் சோற்றிலும் பாதியை ஒதுக்கியிருக்கிறாள்.

சகோதரிகளே, இது இரண்டு தனித்தனிப் பிரச்சினை அல்ல. ஓடுவதற்குச் செலவாகும் சக்திக்கு ஏற்ற உணவு கிடைக்காவிட்டால் உடல் சிக்கனம் பார்க்கத் தொடங்குகிறது. முதலில் நிறுத்துவது மாதவிடாயை. அதற்குரிய ஈஸ்ட்ரஜன் ஓமோன் குறைந்தால் எலும்பு வலுவிழக்கிறது. உணவுக் குறைவு, மாதவிடாய் நிற்பது, எலும்பு மெலிவு ஆகிய மூன்றும் விளையாட்டு வீராங்கனைகளில் சேர்ந்து வருவதை 1990களிலேயே மருத்துவ உலகம் பெயரிட்டு எச்சரித்தது. சர்வதேச ஒலிம்பிக் குழுவும் 2014இலும் 2023இலும் இதுபற்றி விரிவான அறிக்கைகள் வெளியிட்டுள்ளது. ஓடும் பிள்ளைக்கு மாதவிடாய் நிற்பது பயிற்சி நன்றாக நடக்கிறது என்பதன் அடையாளம் அல்ல. மூன்று மாதம் வராவிட்டாலோ, 15 வயதாகியும் பூப்பெய்தாவிட்டாலோ வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

தாயாரிடம் நான் பேசினேன். அவர் முதலில் சொன்னது, "பொம்பிளப் பிள்ளை மிஸ். நாளைக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தா, காலில குறையெண்டு சொல்லுவாங்க. ஓட்டம் போதும்" என்பதுதான். அவருடைய பயம் எனக்கு விளங்கியது. "அம்மா, ஓட்டத்த நிப்பாட்டினாலும் எலும்பு தேறாது. சாப்பாடுதான் தேத்தும். முதல்ல கிளினிக்குக்குப் போவம்" என்றேன். முதல் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. மூன்று வாரத்தின் பின் எடுத்ததில் வெடிப்புத் தெரிந்தது. பத்து வாரம் ஓட்டம் இல்லை. மாகாணப் போட்டி போய்விட்டது. அந்த நாளில் பிள்ளை மைதானத்துக்கு வரவேயில்லை. அவளுக்கு அது சிறிய இழப்பல்ல.

அந்தப் பத்து வாரமும் தாயார் காலையில் குரக்கன் பிட்டும் முட்டையும் கொடுத்திருக்கிறார். ஏழாம் மாதத்தில் மாதவிடாய் திரும்பியது. அதன் பிறகே மெதுவாக ஓட அனுமதித்தோம். "ஓடட்டும் மிஸ், ஆனா சாப்பிட்டிட்டுத்தான் ஓட வேணும்" என்று தாயாரே சொல்லியனுப்பினார்.

வீட்டில் செய்யக் கூடியவை

நோவு தொடங்கிய வாரத்திலேயே தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள். தார் வீதியை விட்டு மைதானத்திலோ இறுகிய மண் பாதையிலோ ஓடட்டும். ஆழமான கடற்கரை மணல் கெண்டைத் தசையை இழுக்கும், நோவுள்ளபோது அது வேண்டாம். ஓட முடியாத நாட்களில் துவிச்சக்கர வண்டி மிதிக்கலாம்.

படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதியை மெதுவாக உயர்த்தி மெதுவாக இறக்கும் பயிற்சி கெண்டைத் தசையை உறுதியாக்கும். நோவில்லாத அளவுக்கு, ஒரு நாளைக்கு இரு தடவை, 15 முறை வீதம் செய்யலாம். வெடிப்புச் சந்தேகம் இருந்தால் இதையும் செய்யக் கூடாது.

ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்தால் நோவு தணியும். நோவுக் குளிசையைப் போட்டுக்கொண்டு ஓடுவது எச்சரிக்கை மணியின் வாயைப் பொத்துவதற்குச் சமம். வெடிப்பு உள்ள இடத்தை அழுத்தி உருவுவதும் ஆகாது. முறிவு நெரிவு வைத்தியரிடம் போவதாக இருந்தாலும், ஒரு விரலால் காட்டக்கூடிய நோவென்றால் முதலில் வைத்தியசாலையில் படம் எடுத்துப் பாருங்கள்.

பயிற்சிக்கு முன் ஒரு வாழைப்பழம், பயிற்சி முடிந்து ஒரு மணித்தியாலத்துக்குள் அவித்த கடலையோ பயறோ முட்டையோ கொடுங்கள். குரக்கன், எள்ளு, முருங்கையிலை, முள்ளோடு சாப்பிடக்கூடிய நெத்தலி ஆகியவை எலும்புக்கு நல்லவை. நம் வீடுகளில் ஆண் பிள்ளைக்கு இரண்டு மீன் துண்டும் பெண் பிள்ளைக்கு ஒன்றும் வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஓடுகின்ற பிள்ளை யாரோ, அந்தப் பிள்ளையின் கோப்பையைப் பாருங்கள்.

தாமதிக்கக் கூடாதவை

இரவில் நோவு, ஒரே புள்ளியில் நோவு, நடக்கும்போது நொண்டுதல், பாதம் விறைத்தல் அல்லது குளிர்தல் இவற்றில் ஏதேனும் இருந்தால் வைத்தியரிடம் போக வேண்டும். ஓடாமலே ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, கெண்டை நோகுமானால் அன்றே போக வேண்டும். குருதி உறைந்து நாளத்தை அடைத்திருக்கலாம். பிள்ளைப் பேற்றுக்குப் பின்னரும், நீண்ட பயணத்துக்குப் பின்னரும், சில கருத்தடைக் குளிசைகள் பாவிக்கும்போதும் இதற்கு இடமுண்டு.

அரசாங்க வைத்தியசாலைகளின் என்பு முறிவுக் கிளினிக்கிலும் இயன் மருத்துவப் பிரிவிலும் இலவசமாகப் பார்க்கலாம். கொழும்பில் விளையாட்டு மருத்துவத்துக்கென அரச நிறுவகமும் உண்டு. போகும்போது அந்தக் கொப்பியைக் கொண்டு போக மறவாதீர்கள்.

ஆகவே, ஓட்டத்தை நிற்பாட்டலாமா என்ற கேள்விக்கு என் பதில்: காரணம் தெரியும்வரை சில வாரம் நிற்பாட்டுங்கள். காரணம் தெரிந்ததும் அதற்கானதைச் செய்து திரும்ப ஓட விடுங்கள். நோவைச் சொன்னால் ஓட்டம் பறிபோகும் என்று பயப்படும் பிள்ளை நோவைச் சொல்லவே மாட்டாள். சொன்னாலும் தன்னை ஓட விடுவார்கள் என்று நம்பும் பிள்ளை முதல் வாரத்திலேயே வந்து சொல்வாள். அந்த நம்பிக்கையை இன்றிரவே உங்கள் பிள்ளைக்குக் கொடுங்கள்.